இத்தாலிச் சுற்றுலாவுக்கு முன்னால் நான்கு இரவு கையில் இருக்கிறது: எங்கே தங்குவது?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கி எடுத்துக்கொள்கிறேன். நீங்கள், உங்கள் கணவர், 68 வயதில் முழங்கால் வலியோடு உங்கள் அம்மா என்று மூன்று பேர். சனிக்கிழமை மாலை ரோமில் தொடங்கி மிலானில் முடியும் பத்து நாள் குழுச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டிவிட்டீர்கள். விமான டிக்கெட் வசதியாகக் கிடைத்த நாள் என்பதால் செவ்வாய்க்கிழமை காலையே ரோமில் இறங்குகிறீர்கள். நடுவில் நான்கு இரவுகள். ரோமிலேயே இருந்துவிடலாம் என்கிறார் அம்மா. புளோரன்ஸ் என்கிறார் கணவர். உங்களுக்கு, எரிமலை புதைத்த பண்டைய ரோமானிய நகரமான பொம்பேயில் ஆசை. இவ்வளவு தூரம் போய்விட்டுப் பாரிஸைப் பார்க்காமல் வருவதா என்று உறவினர் ஒருவர் வேறு கிளப்பிவிட்டிருக்கிறார்.

நான் சொல்வது: முதல் இரண்டு இரவு, ரோமுக்குத் தெற்கே பொம்பேய்க்கு அருகில் இருக்கும் நேப்பிள்ஸ், அடுத்த இரண்டு இரவு ரோம். புளோரன்ஸும் பாரிஸும் இந்த முறை வேண்டாம். ஏன் என்பதற்குச் சற்று விரிவாகப் பேச வேண்டும். காரணம் புரிந்தால்தான், தேதி மாறினாலும் நீங்களே திருத்திக்கொள்ள முடியும்.

இப்படிப்பட்ட கேள்வி வரும்போது எந்த ஊர் அழகு என்று நான் யோசிப்பதில்லை. இத்தாலியில் அழகில்லாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சுற்றுலா நிறுவனம் கொடுத்த பயண நிரலை எடுத்து, பக்கத்தில் நாள்காட்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளுக்கும் கிழமையை எழுதிப் பார்க்கிறேன். நிரல் எதைக் காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது, எந்தத் திசைக்குப் பேருந்து போகவே போவதில்லை என்பது அப்போது கண்ணில் படும். பேருந்து விட்டுப்போகும் இடங்களுக்குத்தான் உங்கள் நான்கு நாள். அது காட்டப்போவதை முன்கூட்டியே போய்ப் பார்ப்பதில் பணமும் போகும், பிறகு குழுவோடு பார்க்கும்போது இருக்க வேண்டிய ஆவலும் போகும்.

உங்கள் நிரலையே பார்ப்போம். சனி மாலை ஓட்டலில் அறிமுகக் கூட்டமும் இரவு உணவும். ஞாயிறு முழுதும் ரோம்: காலையில் வாடிகன், பிற்பகலில் கொலோசியம், திரேவி நீரூற்று. திங்கள் காலை கிளம்பி அசிசி வழியாக புளோரன்ஸ். செவ்வாய் புளோரன்ஸ், பீசா. புதன், வியாழன் வெனிஸ். அதன்பின் வெரோனா, கோமோ ஏரி, மிலான். ரோமிலிருந்து வடக்கே ஏறுகிற பாதை இது. ரோமுக்குத் தெற்கே ஓர் அடிகூட வைக்கவில்லை.

இதில் ஞாயிற்றுக்கிழமையை உற்றுப் பாருங்கள். வாடிகன் அருங்காட்சியகங்களுக்கு ஞாயிறு விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறந்திருக்கும். அன்றும் பகல் 12.30க்கு மேல் உள்ளே விடமாட்டார்கள், வரிசையோ வெகுநீளம். சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு அருங்காட்சியகங்களின் வழியாகத்தான் போக முடியும். ஆக, ‘வாடிகன்’ என்று நிரலில் போட்டிருந்தாலும் உங்களுக்குக் கிடைக்கப்போவது புனித பேதுரு பேராலயமும் அதன் முன்னுள்ள சதுக்கமும்தான். 1508 முதல் 1512 வரை மிக்கேலாஞ்சலோ சாரம் கட்டி நின்று வரைந்த அந்த விதானம் உங்கள் சுற்றுலாவில் இல்லை. நிறுவனம் பொய் சொல்லவில்லை. நீங்கள் அப்படி எடுத்துக்கொள்வீர்கள் என்பதை அவர்கள் திருத்தவும் இல்லை.

கொலோசியத்துக்கு நேராக ‘வெளியிலிருந்து பார்த்தல்’ என்று போட்டிருக்கிறது. பேருந்து நிற்கும், வழிகாட்டி பேசுவார், படம் எடுப்பீர்கள், கிளம்புவீர்கள். எந்தக் குழுச் சுற்றுலாவிலும் இந்தச் சொற்களை நிறுத்திப் படிக்க வேண்டும். ‘நுழைவுக் கட்டணம் உட்பட’ என்று இருந்தால் உள்ளே போவீர்கள். ‘பேருந்தில் நகர்வலம்’ என்றால் கண்ணாடி வழியாகப் பார்ப்பீர்கள். ‘விருப்பத் தேர்வு’ என்றால் அங்கே போனபின் தனியாகப் பணம் கேட்பார்கள். ரோமுக்குப் போய் சிஸ்டைனையும் கொலோசியத்தின் உட்புறத்தையும் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு. அதனால்தான் நான்கு இரவையும் தெற்கே செலவிடச் சொல்லாமல், இரண்டை ரோமுக்கு ஒதுக்கச் சொல்கிறேன்.

புளோரன்ஸை ஏன் ஒதுக்குகிறேன் என்றால், அங்கே குழுவோடு இரவு தங்கப்போகிறீர்கள். அதுவும் செவ்வாய்க்கிழமை ஊரில் இருக்கிறீர்கள். உஃபிசி கலைக்கூடத்துக்கும், தாவீது சிலை இருக்கும் அகாதெமியாவுக்கும் திங்கள்தான் விடுமுறை. செவ்வாய் திறந்திருக்கும். பீசா பயணம் உங்கள் நிரலில் விருப்பத் தேர்வாகத்தான் இருக்கிறது. சாய்ந்த கோபுரம் பார்த்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் இல்லையென்றால் அதை விட்டுவிட்டு, உஃபிசிக்கு முன்பதிவு செய்து அந்தப் பிற்பகலை அங்கே கழியுங்கள். உங்கள் கணவரின் ஆசையும் இதில் நிறைவேறிவிடும். இதற்காக முன்கூட்டியே ரோமிலிருந்து புளோரன்ஸ் போய், சுற்றுலாவில் சேர மீண்டும் ரோமுக்கு வந்து, மூன்றாம் நாள் மறுபடி அதே புளோரன்ஸுக்குப் பேருந்தில் போவது வீண் அலைச்சல்.

பாரிஸ் விஷயம் வேறு. கணக்குப் போட்டாலே விடை வந்துவிடும். ரோமில் இறங்கி அங்கிருந்து பாரிஸுக்கு இன்னொரு விமானம். பறப்பது இரண்டு மணி நேரம்தான் என்றாலும், விமான நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது, இறங்கி நகருக்குள் நுழைவது எல்லாம் சேர்ந்து அரை நாளை விழுங்கும். திரும்பி வரும்போது இன்னொரு அரை நாள். கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று மலிவு விமானத்தைப் பிடித்தால், அது போவே விமான நிலையத்தில் இறக்கிவிடக்கூடும். பெயரில் பாரிஸ் இருக்கும், நகரமோ எண்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும். பெட்டி எடை விதிகளும் உங்கள் நீண்டதூர விமானத்தைவிடக் கடுமையாக இருக்கும். நான்கு இரவில் உண்மையாகக் கிடைப்பது இரண்டரை நாள். பாரிஸுக்கு அது போதாது. எல்லாவற்றுக்கும் மேல், சுற்றுலா தொடங்குவதற்கு முன்தினம் விமானத்தை நம்பி ரோமுக்குத் திரும்புவது எனக்குச் சற்றும் பிடிக்கவில்லை. விமானம் ரத்தானால் குழு உங்களுக்காகக் காத்திருக்காது.

பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவைப்படுகிறவர்கள் இதோடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு நாடுகளில் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. உங்களுக்குச் சுற்றுலா முழுதும் இத்தாலியில் என்பதால் சிக்கல் இல்லை. ஆனால் ஐந்தாறு நாடுகளை ஒரே வீச்சில் சுற்றுகிறவர்கள், முன்னால் மூன்று நாள் ஓரிடத்தில் தங்கியதாலேயே எந்தத் தூதரகம் என்பது மாறிப்போகும் நிலைக்கு வரலாம். விசாவில் ‘தங்கும் நாள்கள்’ என்று ஓர் எண் இருக்கும். வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அதில் சேரும். கூடுதல் நான்கு நாளுக்கான ஓட்டல் பதிவுகளை விண்ணப்பத்திலேயே காட்டிவிடுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, தங்கும் நாள் முழுதுக்கும் இருக்க வேண்டும். சுற்றுலா நிறுவனம் எடுத்துத் தரும் காப்பீடு பெரும்பாலும் சுற்றுலா நாள்களுக்கு மட்டுமே. தொடக்கத் தேதியைச் செவ்வாய்க்கு முன்னகர்த்தச் சொல்லிக் கேட்டு, அது அச்சில் வந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இனி நேப்பிள்ஸ்.

ரோமின் தெர்மினி நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் நேப்பிள்ஸ் சென்ட்ரலுக்கு ஏறத்தாழ 1 மணி 10 நிமிடம். நாள் முழுதும் அடிக்கடி ரயில் உண்டு. பியூமிச்சீனோ விமான நிலையத்திலிருந்து தெர்மினிக்கு லியோனார்தோ எக்ஸ்பிரஸ் நடுவில் எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் வந்துவிடும். காலை எட்டு மணிக்கு இறங்கினால் மதியம் ஒன்று, ஒன்றரைக்குள் நேப்பிள்ஸ் ஓட்டலில் இருக்கலாம். அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வேறு எதையும் திட்டமிடாதீர்கள். நேர மாற்றத்துக்கு உடல் பழக, தோராயமாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் பிடிக்கும் என்பார்கள். பிற்பகல் வெயிலில் கடலோரம் கொஞ்சம் நடந்து, இருட்டும் வரை தூங்காமல் தாக்குப்பிடித்துவிட்டால் முதல் இரவே பாதி வேலை முடிந்துவிடும். நேப்பிள்ஸின் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்தான் விடுமுறை. நீங்கள் எப்படியும் களைத்திருக்கும் நாளில் அது மூடியிருப்பது உங்களுக்கு வாய்த்த வசதி.

போகும் ரயிலுக்கு டிக்கெட் வாங்கும்போது மலிவு வகையைத் தொடாதீர்கள். முன்கூட்டி வாங்கும் மலிவு டிக்கெட்டில் அந்த ரயிலை விட்டால் பணம் போயிற்று. விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் மூன்று டிக்கெட்டும் வீண். மாற்றிக்கொள்ள முடிகிற வகையை வாங்குங்கள், அல்லது தெர்மினிக்கு வந்தபின் வாங்குங்கள். திரும்பும் ரயிலுக்கு மலிவு வகை போதும்.

புதன்கிழமை காலை அருங்காட்சியகம். சென்ட்ரல் நிலையத்துக்குக் கீழே இருக்கும் கரிபால்டி மெட்ரோவில் முதலாம் தடத்தில் ஏறினால் மூசேயோ நிறுத்தம் வாசலிலேயே இறக்கிவிடும். பொம்பேய், அதோடு புதைந்த பக்கத்து ஊரான ஹெர்குலேனியம் இரண்டிலும் கிடைத்த சுவரோவியங்கள், மொசைக் தரைகள், வெண்கலச் சிலைகளில் சிறந்தவை இங்கேதான் இருக்கின்றன. பலர் பொம்பேய்க்கு மட்டும் போய், வெறும் சுவர்களாக இருக்கிறதே என்று சலித்துக்கொண்டு திரும்புகிறார்கள். அந்தச் சுவர்களில் இருந்தவற்றில் சிறந்தவை இந்தக் கட்டடத்துக்கு வந்துவிட்டன. ஹெர்குலேனியத்தின் பாப்பிரஸ் மாளிகையில் கிடைத்த இரண்டு வெண்கல ஓட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துப் பாருங்கள். உடல் முன்னால் சாய்ந்து, ஒரு காலின் நுனி மட்டும் தரையில் படுகிறது. வெண்மையாகப் பதித்த கண்கள் இன்னும் எதிரே எதையோ உற்று நோக்கியபடி இருக்கின்றன. அம்மாவுக்கும் இது உகந்த இடம், நிழலில் உட்கார்ந்து எழுந்து பார்க்கலாம்.

அன்று பிற்பகல் பழைய நகரத்தின் குறுகிய நெடுந்தெரு ஸ்பாக்கானாபோலி. அதன் அருகில் சான்செவெரோ சிற்றாலயத்தில் 1753இல் ஜுசெப்பே சம்மார்த்தினோ செதுக்கிய ‘முக்காடிட்ட கிறிஸ்து’ இருக்கிறது. ஒரே பளிங்குக் கல்லில், மெல்லிய துணி போர்த்திய உடல், துணிக்குக் கீழே நெற்றி நரம்பு தெரியும் அளவுக்கு. இடம் மிகச் சிறியது, நேரம் குறித்த டிக்கெட், எனவே முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

வியாழக்கிழமைதான் நீங்கள் தீர்மானிக்க வேண்டிய நாள். பொம்பேயா, ஹெர்குலேனியமா? உங்கள் ஆசை பொம்பேய் என்று தெரிந்தும், அம்மாவோடு போவதால் ஹெர்குலேனியத்தை நான் முன்வைக்கிறேன்.

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இரண்டு ஊர்களும் அழிந்தன. ஆனால் ஒரே விதமாக அல்ல. பொம்பேயின் மேல் மணிக்கணக்கில் நுரைக்கல் மழையாகப் பொழிந்தது. கூரைகள் பாரம் தாங்காமல் இடிந்தன. அதனால் இன்று அங்கே பார்ப்பதில் பெரும்பகுதி கூரையில்லாத கீழ்த்தளம். ஹெர்குலேனியத்தின் மேல் கொதிக்கும் வாயுவும் சாம்பலும் அலையலையாக வந்து, ஏறத்தாழ இருபது மீட்டர் ஆழத்துக்கு ஊரை மூடிப் பாறையாக இறுகிவிட்டது. அந்த வெப்பத்தில் மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாக உறைந்தது. எனவே மாடி வீடுகள் நிற்கின்றன. உத்தரம், கதவு, கட்டில் எல்லாம் கரியாக, ஆனால் உருமாறாமல் இருக்கின்றன. ‘மரத் தடுப்பு வீடு’ என்று ஒன்று உண்டு. கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் நின்ற மடக்குத் தடுப்பு அந்த இடத்திலேயே இன்றும் நிற்கிறது. நெப்டியூன் வீட்டை ஒட்டிய கடையில் மதுச் சாடிகள் பரணில் சாய்த்து வைத்தபடியே இருக்கின்றன. கடைக்காரர் இப்போதுதான் எழுந்து வெளியே போனதைப் போல இருக்கும்.

அளவும் முக்கியம். பொம்பேய் 66 ஹெக்டேர், அதில் மூன்றில் இரண்டு பங்கு தோண்டப்பட்டிருக்கிறது. முழுதும் கரடுமுரடான எரிமலைக் கல் பாவிய தெருக்கள், வண்டிச் சக்கரம் தேய்த்த பள்ளங்கள், தெருவைக் கடக்க உயரமான கற்கள். நிழல் மிகக் குறைவு. வலியுள்ள முழங்காலுக்கு அது சோதனை. ஹெர்குலேனியத்தில் தோண்டிய பகுதி சிறியது, மேலே இன்றைய எர்கொலானோ ஊர் இருப்பதால் மேற்கொண்டு எளிதில் தோண்டவும் முடியாது. இரண்டரை, மூன்று மணி நேரத்தில் நிதானமாகப் பார்த்துவிடலாம். நேப்பிள்ஸ் கரிபால்டியிலிருந்து சொரெந்தோ செல்லும் சிர்க்கும்வெசூவியானா ரயிலில் எர்கொலானோ ஸ்காவி நிறுத்தம் இருபது நிமிடம். நிலையத்திலிருந்து நேராகக் கடலை நோக்கி இறங்கும் சாலையின் கடைசியில் வாசல். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம் என்பதால் திரும்புவதற்கு அம்மாவை டாக்சியில் ஏற்றிவிடுங்கள். அந்த ரயில் எப்போதும் கூட்டமாக இருக்கும், பைகளை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.

பொம்பேய்தான் வேண்டும் என்று மனம் பிடிவாதம் பிடித்தால், அதற்கும் வழி இருக்கிறது. அரங்கச் சதுக்கத்து வாசல் வழியாக நுழைந்தால், படிகளும் தடைகளும் இல்லாமல் அமைத்த மூன்று கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாதை ஒன்று இருக்கிறது. அம்மா அதில் தம்மால் முடிந்தவரை வரட்டும். 2024 நவம்பர் முதல் ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைத்து, டிக்கெட்டில் பெயரும் போடுகிறார்கள். கூட்டம் மிகுந்த மாதங்களில் அன்றைக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

எதுவானாலும் வியாழன் காலை ஓட்டலைக் காலி செய்து பெட்டிகளை அவர்களிடமே வைத்துவிட்டுப் போங்கள். பிற்பகல் வந்து எடுத்துக்கொண்டு, மாலை ரயிலில் ரோம்.

தூரமான ஊர் முதலில், தொடங்கும் ஊர் கடைசியில் என்ற இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். ரோமில் இரண்டு நாள் இருந்துவிட்டு நேப்பிள்ஸ் போய் சனிக்கிழமை காலை திரும்பலாமே என்று தோன்றும். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் அடிக்கடி நடக்கிற ஒன்று. முன்னறிவிப்போடுதான் நடக்கும், போக்குவரத்து அமைச்சகத்தின் பட்டியலில் தேதிகளைப் பார்க்கலாம். அன்றும் குறிப்பிட்ட சில ரயில்கள் ஓடும். வார நாள்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை வட்டார ரயில்களுக்கு உத்தரவாதம் உண்டு. ஆனாலும் குழு கூடும் நாளில் மூன்று பேரும் பெட்டிகளோடு அந்த உத்தரவாத ரயிலில் இடம் தேடும் நிலை வேண்டாம். வியாழன் மாலையில் எது தவறினாலும் சரிசெய்ய வெள்ளி முழுதும் இருக்கிறது.

விமானத்தில் வராத பெட்டிக்கும் இதே நியாயம்தான். பெட்டி வரவில்லையென்றால் விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே எழுத்தில் புகார் பதிந்து எண் வாங்க வேண்டும். தாமதமாக வந்த பெட்டிக்கு இழப்பீடு கேட்பதானால், அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத வேண்டும் என்கிறது மான்ட்ரியல் உடன்படிக்கை. எந்த முகவரியில் கொடுப்பது என்று கேட்பார்கள். இரண்டிரண்டு இரவாக ஓரிடத்தில் இருப்பவருக்குப் பெட்டி வந்து சேரும். தினம் ஓர் ஊர் மாறும் குழுவில் சேர்ந்துவிட்டால் அது உங்கள் பின்னாலேயே துரத்திக்கொண்டிருக்கும். சுற்றுலாவுக்கு முன்னால் சில நாள் வைத்துக்கொள்வதை நான் எல்லோருக்கும் வற்புறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம். பின்னால் வைத்துக்கொள்ளும் நாளில் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

ரோமில் வெள்ளிக்கிழமை காலை, திறந்தவுடன் கொலோசியம். டிக்கெட் 30 நாள் முன்னதாகத்தான் விற்பனைக்கு வரும், பெயர் போட்டே தருவார்கள், கடவுச்சீட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். மேல்தளத்துக்கு லிஃப்ட் இருக்கிறது. அதே டிக்கெட்டில், பண்டைய நகரின் மையச் சதுக்கமான ரோமானிய மன்றமும் பாலட்டைன் குன்றும் சேரும். அங்கே தரை மேடுபள்ளம், நீங்களும் கணவரும் மட்டும் போய்வாருங்கள். பிற்பகலுக்கு போர்கேசே கலைக்கூடம். முன்பதிவு கட்டாயம், இரண்டு மணி நேரம் மட்டுமே உள்ளே இருக்கலாம். அந்த வரம்பு அம்மாவுக்கு நல்லதே. பெர்னினியின் ‘அப்போலோவும் தாப்னியும்’ சிலையைச் சுற்றி ஒரு முழு வட்டம் நடந்து பாருங்கள். ஒரு பக்கம் ஓடுகிற பெண், மறுபக்கம் வரும்போது விரல்நுனிகள் இலைகளாகிவிட்டிருக்கும். அன்று களைப்பாக இருந்தால் ரோமானிய மன்றத்தை விடுங்கள், இதை விடாதீர்கள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வாடிகன் அருங்காட்சியகங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சிஸ்டைனுக்குப் போய்ச் சேரும் வழி நெடியது, நடுவில் ஆயிரம் பொருள்கள் இழுக்கும். ஓவியர் ரஃபேல் வரைந்த அறைகளில் மட்டும் நின்றுவிட்டு நேராகச் சிஸ்டைனுக்குப் போய், அங்கே ஓரத்து இருக்கையில் இடம் கிடைத்தால் உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். பகல் ஒரு மணிக்குள் வெளியே வந்துவிடலாம். உள்ளே சக்கர நாற்காலி இரவல் கிடைக்கும், அம்மா தயங்கினாலும் கேட்டு வாங்குங்கள்.

தங்குமிடம் பற்றி நிறுவனத்திடம் சிலவற்றைக் கேட்டு வையுங்கள். குழுவின் ஓட்டல் ரோமில் எங்கே இருக்கிறது? பல குழுக்கள் நகரைச் சுற்றிய வளையச் சாலைப் பக்கம் தங்குகின்றன, பேருந்து நிறுத்த வசதிக்காக. அப்படியானால் வியாழன், வெள்ளி இரவுகளுக்கு அங்கேயே கூடுதல் இரவு எடுத்துத் தருகிறோம் என்று அவர்கள் சொல்வதை ஏற்காதீர்கள். தினமும் நகருக்குள் வந்து போகவே நேரம் போய்விடும். தெர்மினிக்கு அருகிலோ மெட்ரோ நிறுத்தத்தின் பக்கத்திலோ நீங்களே பதிவு செய்துகொண்டு, சனி பிற்பகல் டாக்சியில் குழுவின் ஓட்டலுக்கு மாறுங்கள். ஓட்டல் நகருக்குள்ளேயே இருந்தால் கூடுதல் இரவை அவர்களிடமே எடுக்கலாம், பெட்டி தூக்கும் வேலை மிச்சம். விமான நிலைய வரவேற்பு வண்டி முதல் நாளுக்கு மட்டும்தான், முன்னால் வருகிறவர்களுக்குக் கிடையாது. குழுவின் விமான டிக்கெட்டிலேயே தேதி மாற்றி வருகிறீர்கள் என்றால் திரும்பும் டிக்கெட் அப்படியே செல்லுபடியாகிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். குழு கூடும் இடமும் நேரமும், சுற்றுலா மேலாளரின் தொலைபேசி எண்ணும் கிளம்பும் முன்பே கையில் இருக்கட்டும்.

வட்டார ரயிலில் காகித டிக்கெட் வைத்திருந்தால் ஏறும் முன் நடைமேடையிலுள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், இல்லையென்றால் அபராதம். இருக்கை எண் போட்ட அதிவேக ரயில் டிக்கெட்டுக்கு அது தேவையில்லை.

அம்மாவுக்கு நேப்பிள்ஸின் இரைச்சலும் நெரிசலும் ஒத்துவராது என்று நினைத்தால், அந்த இரண்டு இரவுக்கு ஓர்வியெத்தோவைச் சொல்வேன். ரோமிலிருந்து வடக்கே ரயிலில் ஒன்றேகால் மணி நேரம். நிலையத்திலிருந்து மலைமேல் ஊருக்கு இழுவை ரயில் ஏற்றிவிடும். மேலே எல்லாம் நடக்கும் தூரம். பேராலயத்தில் லூக்கா சிஞ்ஞொரெல்லியின் இறுதித் தீர்ப்பு ஓவியங்கள் இருக்கின்றன. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது இங்கே அடைக்கலம் புகுந்த போப் ஏழாம் கிளமென்ட் வெட்டச் சொன்ன, 53 மீட்டர் ஆழக் கிணறு ஒன்றும் உண்டு. இறங்குகிறவரும் ஏறுகிறவரும் எதிரெதிர் படாதபடி பின்னிய இரட்டைச் சுருள் படிகள், ஒவ்வொன்றிலும் 248. அம்மா மேலே நிற்கட்டும், நீங்கள் இருவரும் இறங்கிப் பாருங்கள். உங்கள் பேருந்து இங்கே நிற்கப்போவதில்லை. அமைதி வேண்டுவோருக்கு இது அருமையான ஊர். ஆனாலும் முழங்கால் மட்டுமே தடை என்றால் நேப்பிள்ஸைக் கைவிடாதீர்கள். அந்த அருங்காட்சியகத்துக்கு இணையானது உங்கள் நிரலின் வேறெந்த நாளிலும் இல்லை.

முன்பதிவு வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் விசாவும் காப்பீடும், கூடவே ரத்து செய்ய முடிகிற வகையில் இரண்டு ஓட்டல்கள். அடுத்து போர்கேசே, வாடிகன், சான்செவெரோ. சரியாக 30 நாள் இருக்கும்போது கொலோசியம். கடைசியில் திரும்பும் ரயில். உங்கள் நிறுவனம் தொடக்கத் தேதியை ஒரு நாள் தள்ளினால்கூட, எதையும் மாற்றுவதற்கு முன் கிழமைகளை மறுபடி ஒருமுறை எழுதிப் பாருங்கள். ஞாயிறு வாடிகனும், திங்கள் போர்கேசேயும், செவ்வாய் நேப்பிள்ஸ் அருங்காட்சியகமும் மூடியிருக்கும். அந்த மூன்றையும் தாண்டி இரவுகளை இடம் மாற்றினால் போதும்.